விதை வணிகரின் தங்கக் கோப்பை

ரைடர் கோப்பை என்பது ஐரோப்பாவின் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்களும் அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டக்காரர்களும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மோதும் அணிப் போட்டி. இன்றைய வடிவில் அணிக்கு 12 பேர், மூன்று நாட்களில் 28 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்தை வென்றால் ஒரு புள்ளி, சமனில் முடிந்தால் இரு அணிக்கும் அரைப் புள்ளி. 14½ புள்ளி எடுத்த அணிக்கு வெற்றி. 14–14 என்று முடிந்தால் கோப்பை ஏற்கெனவே யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமே தங்கிவிடும். ஆண்டு முழுதும் தனக்காகவும் பரிசுத் தொகைக்காகவும் ஆடுகிறவர்கள் பரிசுப் பணம் இல்லாத இந்த மூன்று நாட்களுக்காக ஏங்குகிறார்கள் என்பதே இந்தப் போட்டியின் தனித்தன்மை.

கோப்பைக்குப் பெயர் தந்த சாமுவேல் ரைடர் கோல்ஃப் உலகத்து மனிதர் அல்லர். 1858இல் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பிறந்த விதை வணிகர். செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் குடியேறி, பூச்செடி, காய்கறி விதைகளைச் சிறு உறைகளில் இட்டு, உறை ஒரு பென்னி என்ற விலையில் அஞ்சல் வழியே விற்றார். வார இறுதியில் மட்டுமே வீட்டுத் தோட்டத்தில் மண்வெட்டி எடுக்க நேரம் கிடைக்கும் தொழிலாளிக்குச் சனிக்கிழமை விதை கையில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, வெள்ளிக்கிழமை அஞ்சலில் சேர்த்தார். இந்த எளிய யோசனை அவரைச் செல்வராக்கியது. 1905இல் அவர் அந்நகரின் மேயரானார். உழைப்பால் உடல்நலம் கெட்டபோது திறந்தவெளியில் நடமாட வேண்டும் என்ற அறிவுரையை ஏற்று, ஐம்பது வயதை ஒட்டி கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தார். சமயப்பற்று மிக்கவர் என்பதால் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பயிற்சி செய்தார். 1911இல் வெருலம் கோல்ஃப் சங்கத்தின் தலைவரானார். பின்னாளில் அக்காலத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரான ஏப் மிட்செலை ஆண்டுக்கு 500 பவுண்டு சம்பளத்தில் தம் சொந்தப் பயிற்றுநராக அமர்த்திக்கொண்டார்.

அந்தக் காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரரின் நிலை தாழ்ந்தது. மட்டை செய்வது, பழுதுபார்ப்பது, சங்க உறுப்பினர்களுக்குக் கற்றுக்கொடுப்பது ஆகியவை அவர் வேலைகள். பல சங்கங்களில் மனமகிழ் மன்றக் கட்டடத்துக்குள் நுழையக்கூட அவருக்கு அனுமதி இல்லை. பொழுதுபோக்காக ஆடும் கனவான்களுக்கு 1922 முதல் வாக்கர் கோப்பை என்ற பிரிட்டன்–அமெரிக்கா போட்டி இருந்தது. ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. மிட்செலின் அருகிலிருந்து அந்தத் தொழிலைப் பார்த்த ரைடர், அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தார். விலை உயர்ந்த கோப்பை ஒன்றைக் கொடுத்ததைவிட, உழைக்கும் ஆட்டக்காரருக்கு நாட்டின் பெயரில் ஆடும் மதிப்பைத் தேடிக் கொடுத்ததே அவர் செய்த பெரிய காரியம்.

இரு நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதற்கு முன்பும் மோதியிருந்தார்கள். 1921இல் ஸ்காட்லாந்தின் க்ளெனீகிள்ஸ் மைதானத்திலும் 1926இல் லண்டனை அடுத்த வெண்ட்வொர்த்திலும் நடந்த போட்டிகளில் பிரிட்டனே வென்றது. வெண்ட்வொர்த்தில் 13½–1½ என்ற பெரும் வித்தியாசம். ஆனால் அமெரிக்க அணியில் வேறு நாடுகளில் பிறந்தவர்கள் பலர் இருந்தார்கள். அப்போது கோப்பை வழங்கப்படவில்லை. அதிகாரபூர்வக் கணக்கிலும் அந்தப் போட்டி சேரவில்லை. தங்கக் கோப்பை 250 பவுண்டு செலவில் உருவானது. அதில் ரைடர் 100 பவுண்டு கொடுத்தார். மீதியை ஒரு கோல்ஃப் இதழும் ஆட்டத்தின் ஆளுகைச் சங்கமும் பகிர்ந்துகொண்டன. 17 அங்குல உயரமுள்ள அந்தக் கோப்பையின் உச்சியில் மட்டையுடன் நிற்கும் உருவம் ஏப் மிட்செலுடையது.

முதல் போட்டி 1927 ஜூன் மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வோர்செஸ்டரில் நடந்தது. பிரிட்டிஷ் அணியை அனுப்ப ஓர் இதழ் வாசகர்களிடமும் சங்கங்களிடமும் 3,000 பவுண்டு திரட்ட முயன்றது. பற்றாக்குறைத் தொகையை ரைடரே போட்டார். அணித் தலைவராகப் போக வேண்டிய மிட்செல் குடல்வால் அழற்சியால் பயணத்தைக் கைவிட, டெட் ரே தலைமை ஏற்றார். அக்விடானியா கப்பலில் ஆறு நாள் அட்லாண்டிக்கைக் கடந்து சென்ற அணியை, வால்டர் ஹேகன் தலைமையிலான அமெரிக்கர்கள் 9½–2½ என்று வீழ்த்தினார்கள். 1929இல் லீட்ஸ் நகரை அடுத்த மூர்டவுனில் பிரிட்டன் 7–5 என்று பழிதீர்த்தது. ரைடர் அந்த வெற்றியை நேரில் பார்த்தார்.

ஒவ்வொரு அணியும் தன் மண்ணில் பிறந்தவர்களைக் கொண்டே அமைய வேண்டும் என்று கோப்பையின் அறக்கட்டளைப் பத்திரம் கூறியது. அந்த நாட்டிலேயே வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பிரிட்டனுக்கு இருந்தது. பெர்லினில் பயிற்றுநராக இருந்த பெர்சி அல்லிஸ் அதனால் 1931இல் ஆட முடியாமல் போனார். அணியோடு சேர்ந்துதான் ஊர் திரும்ப வேண்டும் என்ற விதியை ஏற்க மறுத்த ஹென்றி காட்டனும் அவ்வாண்டு விலகி நின்றார். ஓஹாயோவில் நடந்த அந்தப் போட்டியில் அமெரிக்கா 9–3 என்று வென்றது. எண்ணிக்கையில் சிறிய நாடு தன் நல்ல ஆட்டக்காரர்களைத் தானே ஒதுக்கிக்கொண்டது பெரும் பிழை. அதன் விலை பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்தது.

1933ஆம் ஆண்டுப் போட்டி சவுத்போர்ட்டில் கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழிவரை சென்றது. அமெரிக்காவின் டென்ஸ்மோர் ஷூட் அந்தக் குழியைச் சமன் செய்திருந்தால் போட்டியே சமனாகி, கோப்பை அமெரிக்காவிடம் தங்கியிருக்கும். அவர் முதல் தட்டில் பந்தைக் குழியைத் தாண்டி ஓடவிட்டு, திரும்பி வந்த தட்டிலும் தவறினார். சிட் ஈஸ்டர்புரூக் தம் பந்தைக் குழியில் இறக்க, பிரிட்டன் 6½–5½ என்று வென்றது. அதே ஷூட் சில நாட்களில் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓப்பன் பட்டத்தை வென்றது ஆட்டத்தின் விசித்திரம். ரைடர் 1936 ஜனவரியில் காலமானார். அடுத்த ஆண்டு அமெரிக்கா முதல்முறையாகப் பிரிட்டிஷ் மண்ணில் 8–4 என்று வென்றது. பிறகு போர் வந்து, பத்தாண்டு இடைவெளி விழுந்தது.

போருக்குப் பின் இந்தக் கோப்பை அப்படியே மறைந்திருக்கக்கூடும். பிரிட்டன் பங்கீட்டு உணவில் வாழ்ந்துகொண்டிருந்தது. அணியை அனுப்பப் பணம் இல்லை. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் பழப் பதனத் தொழில் நடத்திய ராபர்ட் ஹட்சன் 1947இல் பிரிட்டிஷ் அணியின் செலவு முழுவதையும் ஏற்றார். நியூயார்க்கில் அவர்களை வரவேற்று விருந்து வைத்து, நாட்டின் மறுகோடிவரை ரயிலில் தம்முடன் அழைத்துச் சென்றார். ஆட்டத்தில் அமெரிக்கா 11–1 என்று வென்றது. ஆயினும் போட்டி பிழைத்தது. 1949இல் யார்க்‌ஷயரின் கேன்டனுக்கு வந்த அமெரிக்கர்கள் இறைச்சியையும் உடன் கொண்டுவந்தார்கள். ரைடருக்கு அடுத்து இந்தக் கோப்பை நன்றி சொல்ல வேண்டிய மனிதர் ஹட்சன். அவர் பெயர் இன்று அதிகம் பேசப்படாதது வருத்தத்துக்குரியது.

1957இல் டை ரீஸ் தலைமையில் லிண்ட்ரிக்கில் 7½–4½ என்று வென்றது தவிர, பிரிட்டனுக்குத் தொடர்ந்து தோல்விதான். ஆட்ட முறைகள் மாறின: 36 குழி ஆட்டங்கள் 1961இல் 18 குழியாயின, இருவர் தத்தம் பந்தை ஆடி, சிறந்த எண்ணிக்கையை மட்டும் கணக்கில் எடுக்கும் இணை ஆட்டம் 1963இல் சேர்ந்தது. முடிவுகள் மட்டும் மாறவில்லை.

1969இல் ராயல் பர்க்டேலில் நடந்தது வேறு வகையான நிகழ்வு. இந்தப் போட்டியில் ஒவ்வொரு குழியும் தனித்தனியாக வெல்லப்படுவது. எதிராளியின் பந்து குழிக்கு அருகில் இருந்தால், அடிக்கத் தேவையில்லை, விழுந்ததாகவே கொள்வோம் என்று விட்டுக்கொடுக்க விதி இடம் தருகிறது. கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழியில் இரு அணிகளும் 15½ புள்ளிகளில் நின்றன. அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸ் தம் பந்தைக் குழியில் இட்டார். பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்குச் சுமார் இரண்டடித் தட்டு மீதம். தவறினால் அமெரிக்காவுக்கு வெற்றி. நிக்லாஸ் குனிந்து ஜாக்லின் பந்தின் அடையாளக் காசை எடுத்து விட்டுக்கொடுத்தார். போட்டி 16–16 என்று முடிந்தது. வரலாற்றின் முதல் சமன் அதுவே. கோப்பை அமெரிக்காவிடமே தங்கியது என்றாலும் அமெரிக்கத் தலைவர் சாம் ஸ்னீட் இதை ரசிக்கவில்லை. விளையாட்டில் வெற்றியை விடப் பெரியது ஒன்று உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கோல்ஃபில் இல்லை. பின்னாளில் இருவரும் சேர்ந்து ஃபுளோரிடாவில் அமைத்த மைதானத்துக்கு ‘விட்டுக்கொடுத்தல்’ என்றே பொருள்படும் பெயர் வைத்தார்கள்.

1973 முதல் அணியின் பெயரில் அயர்லாந்தும் சேர்ந்தது. அதுவும் போதவில்லை. 1927 முதல் 1977 வரை நடந்த 22 போட்டிகளில் அமெரிக்கா 18இல் வென்றிருந்தது. பிரிட்டனுக்கு மூன்று வெற்றி, ஒரு சமன். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கே ஆர்வம் குன்றியது. 1977இல் லித்தமில் நிக்லாஸ், பிரிட்டிஷ் தொழில்முறைச் சங்கத் தலைவர் டெர்பி பிரபுவிடம் நேரிலும் கடிதத்திலும் ஒரு யோசனை வைத்தார்: ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து வென்றுகொண்டிருந்த அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரே எதிரணியைப் பலப்படுத்த வழி சொன்னார்.

1979இல் மேற்கு வர்ஜீனியாவின் க்ரீன்பிரையரில் ஸ்பெயினின் செவரியானோ பல்லெஸ்டெரோஸும் அந்தோனியோ கர்ரீதோவும் ஐரோப்பிய அணியில் இறங்கினார்கள். அதே போட்டியில் அமெரிக்க அணியில் லீ எல்டர் ஆடினார். ரைடர் கோப்பையில் ஆடிய முதல் கறுப்பின அமெரிக்கர் அவர். அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி 1934 முதல் 1961 வரை இருந்தது. ஆக, 52 ஆண்டுகள் கழித்து ஒரே போட்டியில் இரு பக்கமும் கதவுகள் திறந்தன. அமெரிக்கா 17–11 என்று வென்றதைவிட இதுவே அந்த ஆண்டின் செய்தி.

மாற்றம் உடனே வரவில்லை. கட்டணத் தகராறில் பல்லெஸ்டெரோஸ் 1981இல் சேர்க்கப்படவில்லை; அணி பெருந்தோல்வி கண்டது. 1983இல் தலைமை ஏற்ற ஜாக்லின், இரண்டாம்தர ஏற்பாடுகள் இனி வேண்டாம் என்று கான்கார்ட் விமானப் பயணம், நல்ல உடை, அணிக்கென்று தனி அறை ஆகியவற்றைக் கேட்டு வாங்கினார். பல்லெஸ்டெரோஸிடம் பேசி அவரை மீண்டும் அழைத்து வந்தார். அந்த ஆண்டு ஃபுளோரிடாவில் ஒரே புள்ளியில் தோற்ற அணி, 1985இல் பெல்ஃப்ரியில் 16½–11½ என்று வென்றது. 28 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. 1987இல் ஓஹாயோவில், நிக்லாஸ் வடிவமைத்த மைதானத்தில், நிக்லாஸ் தலைமை தாங்கிய அணியை ஐரோப்பா 15–13 என்று வென்றது. அமெரிக்க மண்ணில் அமெரிக்கா தோற்றது அதுவே முதல்முறை. பல்லெஸ்டெரோஸும் ஹொசே மரியா ஒலாஸாபலும் இணைந்து ஆடிய 15 ஆட்டங்களில் 11ஐ வென்றார்கள், தோற்றவை இரண்டே. அந்த இணைக்கு நிகர் இன்றுவரை இல்லை.

சம பலம் வந்ததும் கசப்பும் வந்தது. வளைகுடாப் போர் நடந்த 1991இல் கியாவா தீவில் சில அமெரிக்க ஆட்டக்காரர்கள் ராணுவத் தொப்பி அணிந்து ஆடினார்கள். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் கடைசிக் குழியில் ஆறடித் தட்டைத் தவறவிட, அமெரிக்கா 14½–13½ என்று வென்றது. 1999இல் பாஸ்டன் அருகே புரூக்லைனில், 10–6 என்று பின்தங்கியிருந்த அமெரிக்கா மீண்டெழுந்தபோது, ஜஸ்டின் லெனர்ட் 45 அடித் தட்டைக் குழியில் இறக்கினார். ஒலாஸாபலுக்குத் தம் பந்தை அடிக்கும் வாய்ப்பு மீதம் இருக்கையிலேயே அமெரிக்க ஆட்டக்காரர்கள் திடலுக்குள் ஓடிவந்து கொண்டாடினார்கள். வெற்றி சரியானதுதான், அந்த ஓட்டம் சரியல்ல. 1969இன் நினைவு இருந்தவர்களுக்கு அது வலித்தது.

இதற்கிடையே 1997இல் ஸ்பெயினின் வால்டெர்ராமாவில், பல்லெஸ்டெரோஸ் தலைமையில், போட்டி முதன்முறையாக ஐரோப்பியப் பெருநிலத்தில் நடந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலால் அவ்வாண்டுப் போட்டி ஓராண்டு தள்ளிப்போனது. கோவிட் பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டுப் போட்டியும் அப்படியே தள்ளிப்போய், மறுபடி ஒற்றைப்படை ஆண்டுகளுக்குத் திரும்பியது. 2012இல் சிகாகோ அருகே மெடைனாவில் ஐரோப்பா கடைசி நாளை 10–6 என்ற பின்னடைவுடன் தொடங்கியது. முந்தைய ஆண்டு மறைந்த பல்லெஸ்டெரோஸின் நினைவாக, அவர் விரும்பிய நீல, வெள்ளை உடையில் இறங்கிய அணி, 12 தனியாள் ஆட்டங்களில் 8½ புள்ளி எடுத்து 14½–13½ என்று வென்றது. அணித் தலைவர் ஒலாஸாபல்.

பணம் பற்றிய கேள்வி 1999 முதல் தொடர்கிறது. போட்டியின் வருவாய் பெருகியபோது, அது எங்கே போகிறது என்று சில அமெரிக்க ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். அறப்பணிக்கென்று ஆளுக்கொரு தொகை ஒதுக்கப்பட்டது. 2025இல் அது ஒருவருக்கு 5,00,000 டாலர் ஆனது: 3,00,000 அறப்பணிக்கு, மீதி ஆட்டக்காரருக்கு. ஐரோப்பியர்கள் பணம் பெறாமலே ஆடினார்கள். ரைடர் கோப்பையின் பெருமை பணம் இல்லாததில்தான் இருக்கிறது. அவர்களின் முடிவே கோப்பையின் மரபுக்கு ஏற்றது.

அந்த 2025 போட்டியில், நியூயார்க்கின் பெத்பேஜில், பார்வையாளர் சிலரின் வசைகளுக்கு நடுவே ஐரோப்பா 15–13 என்று வென்றது. அது 45ஆவது போட்டி. மொத்தக் கணக்கில் அமெரிக்காவுக்கு 27 வெற்றி, எதிரணிக்கு 16, சமன் இரண்டு. 1979 முதல் நடந்த 23 போட்டிகளை மட்டும் எடுத்தால் ஐரோப்பாவுக்கு 13, அமெரிக்காவுக்கு 9. முதல் போட்டி நடந்து நூறு ஆண்டு நிறையும் 2027இல் கோப்பை அயர்லாந்தின் அடேர் மேனருக்குச் செல்கிறது.