ஆரஞ்சு பாஸ்போர்ட் யாருக்காக?

1860இல் மதராசிலிருந்து நேட்டாலுக்குப் போன 'ட்ரூரோ' கப்பலின் பயணிகள் பட்டியலில் பெயர், வயதோடு சாதியும் எழுதப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்த நம் முன்னோரின் உடல் தழும்புகளும் அரசுப் பதிவேட்டில் ஏறின. ஆளை அடையாளம் காண உடம்பே முத்திரையானது.

இன்று அந்த வேலையைத் தாள் செய்கிறது. நாசிக் அரசு அச்சகத்தில் தயாராகும் பாஸ்போர்ட்டில் மங்கலான இரண்டாவது படமும், கருவி படிக்கும் இரண்டு வரிகளும் உண்டு. இ-பாஸ்போர்ட்டில் சிப்பும் சேர்ந்திருக்கிறது. எல்லாம் போலியைத் தடுக்க. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே நீல அட்டை.

2018 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் அதை மாற்றப் பார்த்தது. 'இ.சி.ஆர்.' பிரிவினருக்கு ஆரஞ்சு அட்டை என்றது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி பெற வேண்டும். அவர்கள்தான் பெரும்பாலும் இந்தப் பிரிவினர்.

ஏஜெண்டுகளின் மோசடியிலிருந்து காக்கவே அந்தச் சட்டம். அதற்குக் கணினிப் பதிவு போதும். அட்டையின் நிறமோ, வரிசையில் நிற்கும்போதே 'படிக்காதவன்' என்று ஊருக்கே சொல்லும். தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். கடும் எதிர்ப்புக்குப் பின், ஜனவரி 30இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தோழர்களே, வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் நம் ஆட்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: பத்தாவது தேறியிருந்தால் சான்றிதழ் காட்டி இ.சி.ஆர். குறிப்பை நீக்கலாம், தேறாவிட்டால், அரசிடம் பதிவுபெற்ற ஏஜெண்டா என்று பார்த்த பிறகே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.