சோழமண்டலம்: தூரிகையும் பிழைப்பும்

சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி, நாளடைவில் தென்னிந்திய ஓவியர்களின் முதன்மைப் பயிற்சிக்கூடமானது. 1957இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற கே.சி.எஸ். பணிக்கர், படிப்பை முடித்த மாணவர்களின் நிலையைக் கண்டார். அன்றைய சென்னையில் நவீன ஓவியங்களை வாங்குவோர் குறைவு. வேலை தேடிப் போனவர்கள் பலர் வரைவதையே கைவிட்டனர்.

இதற்கு வழியாக ஓவியர்களின் கைவினைச் சங்கம் உருவானது. மாணவர்களும் இளம் ஓவியர்களும் பாத்திக் துணி, உலோகவேலை, மட்பாண்டம் போன்றவற்றைச் செய்து விற்றனர். விற்பனையில் ஒரு பங்கு சங்கத்துக்குச் சென்றது. அப்படித் திரண்ட பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கப்பட்டு, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது.

அங்கே குடியேறியவர்கள் கைவினையால் வயிற்றுப்பாட்டைக் கவனித்துக்கொண்டு, மீதி நேரத்தில் விருப்பம்போல் வரைந்தனர்; சிற்பம் வடித்தனர். அரசு மானியத்தையோ புரவலரையோ நம்பியிராத இந்த ஏற்பாடு, ஜே. சுல்தான் அலி, எஸ். நந்தகோபால் உள்ளிட்டோரின் கலைவாழ்வுக்குத் தளமானது. பணிக்கர் 1977இல் மறைந்த பின்னரும் கிராமம் தொடர்ந்து இயங்குகிறது.