பிந்தி வந்த பழமை

டாக்குரியா ஏரி தானாக அமைந்ததல்ல. 1920களில் கல்கத்தா நகர மேம்பாட்டு டிரஸ்ட் வெட்டியது. கரையில் படகு கிளப்புகள் முளைத்தன, தேம்ஸ் நதிக்கரைப் பொழுதுபோக்கு வங்கத்துக்குக் குடிவந்தது. ஆனால் வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் ஓடும் ஆங்கில நாட்டுப்புற விடுதி கல்கத்தாவில் வேர்பிடிக்கவில்லை. டேவிட் வில்சன் 1840களின் தொடக்கத்தில் திறந்து, பின்னாளில் கிரேட் ஈஸ்டர்ன் என்று பெயர் மாறிய ஓட்டல், நடைபாதைக்கு மேல் தூண் வரிசை நிறுத்தி நிழல் தேடிக்கொண்டது. அந்த நாட்டுப்புற வேஷத்துக்கு மலை வேண்டியிருந்தது. மலையகத் தமிழர் நன்கறிந்த நுவரெலியா கிராண்ட் ஓட்டல் அதற்குத் தக்க சான்று.

இலங்கை ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் தமக்காகக் கட்டிய மாளிகைதான் அதன் கரு. 1885இல் ரயில் நானுஓயாவுக்கு வந்தது. 1891இல் மாளிகை ஓட்டலானது. இன்று முகப்பில் தெரியும் கூர்முகடுகளும் வெள்ளைச் சாந்தின்மேல் பதித்த கரும்பலகைகளும் டியூடர் மன்னர் காலத்தை நினைவூட்டுகின்றன. ஆனால் பார்ன்ஸ் காலத்தில் அந்தப் பாணி பரவலான வழக்கிலேயே இல்லை. நார்மன் ஷா போன்ற கட்டடக்கலைஞர்களின் கையால் அது இங்கிலாந்தில் மறுபடி நாகரிகமானது 1860களுக்குப் பிறகுதான். ஆகவே கட்டடத்தின் வயதைவிட அதன் பழமைத் தோற்றம் இளையது என்பதே என் வாதம். ரயிலில் வந்திறங்கும் விருந்தாளிக்காகப் பூட்டிய அலங்காரம் அது.

ஊர் ஏக்கத்தில் தாத்தன் பாட்டன் கட்டியதைத்தானே கட்டினார்கள் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் லட்லோ ஊரின் ஃபெதர்ஸ் ஓட்டலை எடுத்துக்கொள்வோம். 1619இல் வீடாக எழுந்து பிறகு சத்திரமான கட்டடம். அங்கும் செதுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, ஆடம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் செதுக்கியது பாரம் தாங்கும் மரத்தில். முளையடித்து இணைத்த அந்தச் சட்டத்தை எடுத்தால் மாடி இறங்கிவிடும். நுவரெலியாவில் பலகையைக் கழற்றினாலும் சுவர் அப்படியே நிற்கும். லண்டன் புறநகரில் அதே காலத்தில் எழுந்த புதுவீடுகள் பலவும் இதே ஜாதிதான், எனவே காலனியை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது: கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் மழைக்குச் சரிவுக்கூரையும் குளிருக்குக் கணப்பும் வேண்டாமா? வேண்டும்தான். கூரையையும் புகைபோக்கியையும் அது விளக்கிவிடும். கரும்பலகை எந்தக் குளிரைத் தடுத்தது? அதோடு, குளிர் எல்லார்க்கும் ஒன்றுதான். சுற்றுத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கிடைத்தது லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, மேலே தகரம். அடுப்புப் புகை வெளியேறக் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது.