நேரம் சொல்பவர் யார்? வலைப்பின்னல் ஒலி குறித்துச் சில குறிப்புகள்

சில வருடங்களுக்கு முன் ஓர் அரங்கில், நாடகம் தொடங்க அரைமணி இருக்கையில், ஒலி 'டிக் டிக்' என்று உடைய ஆரம்பித்தது. பழைய மைக்செட்காரரான நண்பர் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனார். லேப்டாப் முன்னால் இருந்த பையன் தலை நிமிராமல் சொன்னான்: "ஒயர்ல ஒண்ணுமில்லண்ணே. ரெண்டு பெட்டியும் நான்தான் கிளாக்குங்குது."

செம்புக் கம்பியில் ஒரு குரலுக்கு ஒரு கம்பி. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே குரல். கடிகாரத்துக்கு அங்கே வேலையில்லை. எண்ணாக மாறிய குரலோ நொடிக்கு 48,000 துண்டுகள். அவை பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, ஒரே கம்பியில் பல நூறு குரல்கள் பயணிக்கின்றன. வெட்டுபவரும் ஒட்டுபவரும் ஒரே கடிகாரத்தைப் பார்க்காவிட்டால் குரல் சிதறிவிடும். ஆகவே இத்தொழில்நுட்பத்தின் வரலாற்றை, நேரத்தின் மீதான அதிகாரத்தின் வரலாறாக வாசிக்கத் தோன்றுகிறது.

இதைப் பெயரிடுதலிலிருந்து தொடங்கலாம். 1990களின் நடுவில் அமெரிக்காவின் பீக் ஆடியோ நிறுவனம் உருவாக்கிய கோப்ராநெட், அலுவலகக் கணினிகளுக்கான ஈதர்நெட்டில் ஒலியை அனுப்பியது. அதில் ஒரு பெட்டி நொடிக்கு 750 முறை தாளம் தட்டும். அதன் பெயர் 'கண்டக்டர்', அதாவது இசை நடத்துநர், மற்றவை வாசிப்பவர்கள். 2002இல் அளவீட்டுக் கருவிகளுக்கும் ஆலைக் கட்டுப்பாட்டுக்குமாக வெளியான ஐஇஇஇ 1588 என்ற நேரத் தரநிலையில் இதே உறவு 'மாஸ்டர் – ஸ்லேவ்' ஆனது. 2006இல் சிட்னியில் தொடங்கப்பட்ட ஆடினேட் நிறுவனத்தின் டாண்டே இதைத்தான் சுவீகரித்தது. 2020களில் டாண்டே 'லீடர் – ஃபாலோயர்' என்று மாற்றிக்கொண்டது. 2022இல் வந்த ஐஇஇஇ திருத்தம், நேரம் அனுப்புபவர், நேரம் பெறுபவர் என்ற மாற்றுப் பெயர்களைத் தந்தது. சொற்கள் நாகரிகமடைந்தன, உறவு அப்படியே இருக்கிறது.

இதிலொரு ஜனநாயகமும் உண்டு. தலைமைக் கடிகாரம் விழுந்தால் மீதிப் பெட்டிகள் தமக்குள் இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. 2008இல் திருத்தப்பட்ட வடிவில், முதலில் மனிதர் இட்ட முன்னுரிமை எண், பிறகு கடிகாரத்தின் தரம் என்று ஒப்பிட்டுப் போகிறது. எல்லாம் சமமென்றால்? தொழிற்சாலையில் பதித்த அடையாள எண் தீர்மானிக்கிறது. பிறப்பு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது!

இதைவிடப் பெரிய கேள்வி, மொழி யாருடைய சொத்து என்பது. செம்புக் கம்பி பேசிய மொழிக்கு உரிமையாளர் கிடையாது; சூடுகோலும் ஈயமும் இருந்தால் யாரும் ரிப்பேர் பார்க்கலாம். டாண்டே உரிமம் பெற்றுப் பேச வேண்டிய மொழி. 2013இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி ஏஇஎஸ்67 என்ற பொதுத் தரநிலையை வெளியிட்டது. ஆனால் அது 2008இன் நேரமுறையில் நிற்கிறது, டாண்டே 2002இன் நேரமுறையில். நடுவே ஒரு மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. தவிர, பெட்டிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் வழியைப் பொதுத் தரநிலை வரையறுக்கவேயில்லை. பேசலாம், ஆனால் யார் எங்கே இருக்கிறார் என்று கேட்க முடியாது. பொதுமொழி வெறும் பாலமாகச் சுருங்கி, தனியார் மொழி ஊராக நிலைத்த கதை இது.

கேபிள் யுகத்தைப் புனிதப்படுத்துவது என் நோக்கமல்ல. அந்தத் தடித்த சுருளைச் சுமந்து வீங்கிய தோள்களை நான் பார்த்திருக்கிறேன். சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் சுமந்தவனிடம் இருந்த அறிவும் கூடவே இறக்கி வைக்கப்பட்டது. வரப்போகும் வலைப்பின்னல் எத்தனை ஆயிரம் குரல்களைச் சுமக்கும் என்பதில் எனக்கு அக்கறையில்லை. கண்டுபிடித்தலும் பழுது பார்த்தலும் பொதுமொழிக்குள் வருமா என்பதில்தான் அதன் எதிர்காலம் இருப்பதாக நினைக்கிறேன்.

அன்று பையன் ஒரு பெட்டியைக் கடிகாரமாக நிறுத்திவைத்தான். நாடகம் நடந்தது. திரும்பும் வழியில் டீக்கடையில் நண்பர் கேட்டார்: "அவன் நாளைக்கு வரலேன்னா, நான் எதைத் தடவிப் பாக்குறது?"