‘அடிப்படை’ எப்போது அடிப்படையாயிற்று?

முப்பது வயதைக் கடந்தபின் டென்னிஸ் கற்கத் தொடங்கியிருக்கிறேன். தில்லியில் நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தின் ஆடுகளத்தில், காலை ஆறு மணிக்குப் பள்ளிச் சிறுவர்களோடு வரிசையில் நிற்கிறேன். பயிற்சியாளரின் பாடவரிசை மாறுவதில்லை: ஃபோர்ஹேண்ட், இருகைப் பேக்ஹேண்ட், சர்வ், வாலி, பிறகு லாப், ஸ்மாஷ். “இதெல்லாம் அடிப்படை. ஏன் என்று கேட்காமல் கையைப் பழக்குங்கள்” என்பார். கை மெல்லப் பழகுகிறது. மனம் மட்டும் ‘ஏன்’ என்பதை விடுவதாயில்லை.

முதல் விம்பிள்டன் போட்டி 1877இல் நடந்தது. அன்று வலையின் உயரம் நடுவில் மூன்றேகால் அடி. கம்பங்களின் அருகே ஐந்து அடி. ஆட்டத்தின் போக்கைத் தீர்மானித்தது இந்த வேறுபாடுதான். ஓரக்கோட்டை ஒட்டி அடிக்க ஐந்தடியைத் தாண்டியாக வேண்டும். எனவே தாழ்ந்த நடுப்பகுதியின் மேலாகக் குறுக்கே அடிப்பதே எளிதாக இருந்தது. ஸ்பென்சர் கோர் இதைப் பயன்படுத்திக்கொண்டார். வலையருகே வந்து நின்று, பந்து தரையில் படுமுன்பே திருப்பி அடித்துப் பட்டம் வென்றார். வாலி அவருடைய கண்டுபிடிப்பன்று. பழைய உள்ளரங்க டென்னிஸிலேயே அது உண்டு. ஆயினும் புல்தரை ஆட்டத்தில் அது முறையற்றது, தடை செய்ய வேண்டும் என்ற வாதம் அக்காலத்தில் எழுந்தது.

மறு ஆண்டே அதற்கு விடை கிடைத்தது. இலங்கையில் தோட்டத்துரையாக இருந்து விடுப்பில் இங்கிலாந்து வந்திருந்த ஃபிராங்க் ஹேடோ, கோரின் தலைக்கு மேலாகப் பந்தை உயர்த்தி அனுப்பியே அவரை வென்றார். லாப் இவ்வாறு அரங்கேறியது. அடுத்த சில ஆண்டுகளில் ரென்ஷா சகோதரர்கள் அந்த உயர்ந்த பந்தை ஓங்கி அறைந்தனர், ஸ்மாஷ் பிறந்தது. 1882இல் கம்பங்களருகே வலை மூன்றரை அடியாகத் தாழ்ந்தது. ஓரக்கோட்டை ஒட்டிய அடி எளிதாயிற்று. பின்கோட்டிலிருந்து ஃபோர்ஹேண்ட் அடிப்பவருக்கு, வலையருகே நிற்பவரைக் கடக்க வழி பிறந்தது.

நாங்கள் பழகும் இருகைப் பேக்ஹேண்டின் கதை இன்னும் அண்மையது. 1930களில் ஆஸ்திரேலியாவின் விவியன் மெக்ராத் அவ்வாறு ஆடியது விநோதமாகவே பார்க்கப்பட்டது. 1970களில் கிறிஸ் எவர்ட், ஜிம்மி கானர்ஸ், பியான் போர்க் ஆகியோர் வென்று காட்டிய பிறகே அது பயிற்சிக்கூடங்களில் பரவலாக இடம்பெற்றது. மறுபுறம், வலிமையான சர்வ் இல்லாமலேயே, நுண்மையான தொடுகையை நம்பி, ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார்.

ஆக, என் பாடவரிசையில் அமைதியாக அடுத்தடுத்து நிற்கும் அடிகள் ஒருகாலத்தில் ஒன்றையொன்று எதிர்த்துப் பிறந்தவை. ஒரு வழக்கு முடிந்து, வழக்காடியவர்கள் மறக்கப்பட்ட பின் எஞ்சும் தீர்ப்பையே நாம் ‘அடிப்படை’ என்கிறோம். இதனால் பயிற்சியாளர் சொல்வது தவறாகிவிடாது. அந்தத் தீர்ப்புகளைக் கைக்குப் பழக்காமல் அடுத்த வழக்கை யாரும் தொடுக்க இயலாது.

என்னை உறுத்துவது வேறொன்று. சென்ற பருவத்தில் நான் பாடம் எடுத்த வகுப்பில் மாணவி ஒருவர், “இந்திய வரலாற்றை ஏன் பண்டைய, இடைக்கால, நவீன என்று மூன்றாகவே பிரிக்கிறோம்?” எனக் கேட்டார். “அது அடிப்படை, முதலில் குறித்துக்கொள்ளுங்கள்” என்றேன். 1817இல் ஜேம்ஸ் மில் தம் நூலில் இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் எனப் பகுத்ததையும், அப்பகுப்பின் சாயல் நம் பாடத்திட்டத்தில் இன்றும் படிந்திருப்பதையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும். பயிற்சியாளருக்காவது, எங்கள் கை பழக வேண்டும் என்ற நியாயம் உண்டு. எனக்கு அதுவும் இல்லை. அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவதாக இருக்கிறேன்.