சீட்டுக்குக் கீழே இருந்த சாமான் பை: கல்குடாவின் பயண வரலாற்றில் ஒரு பக்கம்

 

இன்று எமது வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பாதிக்கு மேல் சீட்டைத் திறந்து பார்த்தால் இன்சூரன்ஸ் கடதாசியும் ஒரு பழைய துணியும்தான் இருக்கும். ஆனால் ஒரு காலத்தில் சாமான் பை இல்லாமல் ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டுவதற்கு எமது பெரியவர்கள் யோசித்தார்கள். அந்தப் பைக்குள் என்ன இருந்தது, அது ஏன் சிறுத்தது, இன்று ஏன் திரும்ப வர வேண்டும் என்பதைப் பார்த்தால் எமது பிரதேசத்தின் வரலாறும் கூடவே வரும்.

1885 இல் ஜேர்மனியில் டைம்லரும் மேபக்கும் இயந்திரம் பூட்டிய முதல் இரண்டு சில்லு வண்டியைச் செய்தார்கள். அன்றிலிருந்து நீண்ட காலம் வண்டி வைத்திருப்பவரே அதன் மெக்கானிக்காகவும் இருக்க வேண்டியிருந்தது. பிரித்தானிய வண்டிகளின் விட்வர்த் ஸ்பனர்களில் நட்டின் அகலம் குறிக்கப்பட்டிருக்காது, உள்ளே போகும் போல்ட்டின் விட்டம்தான் குறிக்கப்பட்டிருக்கும். பழகாதவர் கையில் அது பெரும் குழப்பம்.

1958 இல் ஹொண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற சிறிய வண்டியை இறக்கியது. 2017 அளவில் அந்த வரிசையில் மட்டும் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. அதன் வழிவந்த ஹொண்டா 50, 70, பிறகு வந்த எம்.டி. 90, இவற்றோடு சி.டி. 125 எல்லாம் எமது ஆசிரியர்களுக்கும் கிராம சேவகர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கைகொடுத்த வண்டிகள். 10, 12, 14, 17 மில்லிமீற்றர் ஸ்பனர்கள் இருந்தால் இவற்றில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

இனி எமது வீதிகளைப் பாருங்கள். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928 இல். ஓட்டமாவடியிலும் மன்னம்பிட்டியிலும் ரயிலும் வாகனமும் நீண்ட காலம் ஒரே இரும்புப் பாலத்தில்தான் போய்வந்தன. திருக்கொண்டியாமடுவிலிருந்து புணானை, வெலிகந்தை, மன்னம்பிட்டி வழியாகப் பொலன்னறுவைக்குப் போகும் ஏ11 வீதி காடும் யானையும் உள்ள வீதி. வடக்கே வாகரை, கதிரவெளி, வெருகல் என்று திருகோணமலைக்குப் போனால் அன்று ஆறுகளைப் படகுப் பாதையில் கடக்க வேண்டியிருந்தது. இடையில் கராச் இருக்கவில்லை, பஞ்சர் ஒட்டும் கடையும் இருக்கவில்லை.

அந்த வீதிகள்தான் பைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானித்தன. பிளக் கரி பிடித்தால் வண்டி நின்றுவிடும், அதற்குப் பிளக் ஸ்பனரும் ஒரு மாற்றுப் பிளக்கும். பழைய வண்டியில் பொயின்ட் தேய்ந்தால் தீப்பொறி வராது, அதற்கு மட்டத்தாள் துண்டு. டயர் கழற்ற இரண்டு லீவர், ஒட்டுத் துண்டு, சொலூசன், கைப் பம்ப். அறுந்த செயினை இணைக்க ஒரு லிங்க். அதன் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், மாறிப் போட்டால் கழன்று விழும். கூடவே பிளையர், கிளச் வயர், நட்சத்திரத் தலை ஸ்குரூ டிரைவர். ஜப்பானிய ஸ்குரூவின் வெட்டு மற்றவற்றிலிருந்து சற்று வேறு. பொருந்தாத டிரைவரைப் போட்டு அழுத்தினால் தலையைத் தின்றுவிடும்.

பிறகு யுத்தம் வந்தது. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் சில துளிப் பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். எமது பக்கத்தில் பிரச்சினை வேறு. அதே 1990 இல் குருக்கள்மடத்தில் பயணம் போன எமது சகோதரர்களுக்கு நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. தமிழ்ச் சகோதரர்களுக்கும் அதே வீதிகளில் அவர்களுடைய பயமும் இழப்பும் இருந்தன. இருட்டுவதற்கு முன் வீடு சேர வேண்டும் என்பதே எல்லோருக்கும் சட்டமாயிற்று. அன்று ஒரு பஞ்சர் உயிர்ப் பிரச்சினையாகவும் மாறக் கூடியது. ஆனால் சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால் ஒரு துண்டு வயருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தேவை கூடிய அதே காலத்தில் பை சிறுத்தது.

யுத்தத்தின் கடைசிக் காலத்திலும் அதன் பின்னரும் பாலங்கள் வந்தன. மன்னம்பிட்டியில் வாகனங்களுக்கான புதிய பாலம் 2007 இல் திறக்கப்பட்டது, கிண்ணியாப் பாலம் 2009 இல். ஓட்டமாவடியிலும் வாகனத்துக்கு வேறு பாலம் வந்தது. இந்திய வண்டிகள் பெருகின. பொயின்ட் இருந்த இடத்தில் இலத்திரனியல் பெட்டி வந்தது, டியூப் இல்லாத டயர் வந்தது, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆனது. கையில் போனும் இருந்ததால், நின்றால் யாரையாவது கூப்பிடலாம் என்று பையைக் கைவிட்டோம்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. கராச்சின் மூலையில் கிடந்த பழைய ஹொண்டாக்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றைத் திருத்தத் தெரிந்த பெரியவர்களின் அருமை அப்போது புரிந்தது. 2025 இல் இறக்குமதி திரும்பத் தொடங்கினாலும் அந்தப் பாடம் பழசாகவில்லை.

அப்படியானால் இன்று எதை வைத்திருப்பது? பத்து வருடத்துக்கு முந்திய பட்டியல் இன்றைய வண்டிக்குப் பொருந்தாது. டியூப் இல்லாத டயர் என்றால் அதற்கான ஒட்டுக் கயிறும் ஊசியும் சிறிய பம்பும் வேண்டும். ஒட்டத் தயாராகும்வரை ஆணியைப் பிடுங்க வேண்டாம், இருக்கும் காற்றும் போய்விடும். டியூப் உள்ள டயர் என்றால் சில்லைக் கழற்றும் ஸ்பனர் இல்லாமல் ஒட்டுத் துண்டால் பயனில்லை. மாற்று பியூஸ் ஒன்று, உங்கள் செயினின் அளவுக்கே பொருந்தும் லிங்க் ஒன்று, பிளக் ஸ்பனர் ஒன்று. வேகோ ஸ்கூட்டரோ என்றால் செயின் லிங்க் தேவையே இல்லை.

ஒரு லீவு நாளில் வீட்டு முற்றத்தில் அந்தச் சாமான்களாலேயே சில்லைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். எது குறைகிறது, எது வீண் சுமை என்று அப்போது தெரியும். முற்றத்தில் முடியாதது புணானைக் காட்டில் முடியாது. எமது கடற்காற்றில் உப்பு அதிகம், ஸ்பனர் சீக்கிரம் துருப்பிடிக்கும். எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, பழைய டியூப் துண்டால் கட்டி வையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பையும் அதில் சேர்ந்ததுதான். வழிப்போக்கருக்கு உதவுவதையும் மார்க்கம் எமக்குக் கடமையாகவே சொல்கிறது. வெலிகந்தைப் பக்கம் நிற்கும் வண்டி ஒரு சிங்களச் சகோதரருடையதாக இருக்கலாம், வாகரைப் பக்கம் நிற்பது ஒரு தமிழ்ச் சகோதரருடையதாக இருக்கலாம். ஒரு காலத்தில் அந்த வீதிகளில் நிற்காமல் போவதுதான் புத்தி என்று எல்லோரும் பழகியிருந்தோம். இப்போது நிற்கலாம். அப்படி நிற்கும்போது கொடுப்பதற்கு எம்மிடம் ஒரு 10 ஆம் நம்பர் ஸ்பனராவது இருக்கட்டும்.