யூனிக்ஸ் பதிவுக் கோப்புகளின் வரலாறு

யூனிக்ஸ் வழங்கி பழுதானால் அதன் நிர்வாகி முதலில் திறப்பது பதிவுக் கோப்புகளை. எந்த நேரத்தில் எந்த நிரல் என்ன செய்தது என்பதை வரிவரியாகக் காட்டும் இவற்றைப் பேச்சு வழக்கில் 'லாக்' என்பர்.

1980களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ஆல்மன் செண்ட்மெயில் என்னும் மின்னஞ்சல் நிரலை உருவாக்கினார். அதன் செய்திகளை ஓரிடத்தில் சேர்ப்பதற்காக அவர் எழுதிய துணை நிரலே சிஸ்லாக். அஞ்சலுக்கென்று பிறந்தது, நாளடைவில் மற்ற நிரல்களுக்கும் பொதுவாயிற்று. செய்தி எந்தப் பகுதியிலிருந்து வந்தது, எவ்வளவு கடுமையானது என்ற இரு குறிப்புகள் ஒவ்வொன்றுக்கும் உண்டு. கடுமை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகும். 0 என்றால் கணினியே பயன்படாத நிலை. 7 என்பது நிரலர் சோதனைக்காக எழுதும் குறிப்பு.

இவ்வளவு பரவிய முறைக்கு நெடுங்காலம் எழுத்து வடிவில் விதியே இல்லை. 2001இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3164 ஆவணமும் வழக்கத்தில் இருந்ததை விவரித்ததோடு நின்றது. அந்தப் பழைய வடிவத்தில் மாதம், நாள், மணி உண்டு. ஆண்டும் நேர வலயமும் கிடையாது. 2009இல் ஆர்.எஃப்.சி. 5424 அக்குறையை நீக்கியது. ஆயினும் பழைய வடிவம் இன்றும் பல வழங்கிகளில் காணப்படுகிறது.

பதிவின் அருமையைக் காட்டிய நிகழ்வு 1986இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் நடந்தது. கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அற்பத் தொகைதான். ஆனால் அதைத் துருவிய வானியலாளர் கிளிஃபோர்ட் ஸ்டோல், வெளியாள் ஒருவர் உள்ளே நுழைந்திருப்பதைக் கண்டார். முழு அதிகாரம் பெற்ற ஊடுருவி அக்கணினியின் பதிவுகளையும் அழிக்க முடியும் அல்லவா? எனவே ஸ்டோல் உள்வரும் இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, ஊடுருவி தட்டியதையெல்லாம் தாளில் பிடித்தார். தடயம் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்த மார்க்குஸ் ஹெஸ் வரை சென்றது. பதிவுகளை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பி வைக்கும் இன்றைய வழக்கத்தின் பின்னுள்ள எண்ணமும் இதுவே.

இந்தியாவில் இது சட்டக் கடமையாகவும் ஆகிவிட்டது. இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில், நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்றது. குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும் பணித்தது. கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளோடு பொருத்துமாறும் அவ்வுத்தரவு கூறுகிறது. சிறு விதிபோல் தோன்றும் இதுவே பழுது தேடுவோருக்குப் பெரிதும் உதவுவது. கடிகாரங்கள் வேறுபட்டால் இரு வழங்கிகளின் பதிவுகளை அருகருகே வைத்தும் எது காரணம், எது விளைவு என்று பிரிக்க இயலாது.

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. சித்தையன்கோட்டையில் ஒருவருக்குக் காலை 11 மணிக்கு அஞ்சல் தடைபட்டது என்றால், உலகப் பொது நேரத்தில் இயங்கும் வழங்கியின் பதிவில் 05:30க்குரிய வரியையும் அதற்குச் சற்று முந்திய வரிகளையும் தேட வேண்டும்.